கதீட்டர் போட்ட பிறகு அரிதாக வரும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், பெரிய ஆபரேஷன் என்றாலும், படுத்த படுக்கையாகிவிட்டாலும் சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலோடு முடிந்துவிடுகிற வேலை இது. தொற்று, அடைப்பு, குழாயின் ஓரமாக ஒழுகுவது போன்ற வழக்கமான தொல்லைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை அபூர்வமாக நடப்பவை. அபூர்வம் என்பதாலேயே வீட்டாருக்கும், சில சமயம் வார்டில் இருப்பவர்களுக்கும்கூட, முதலில் சந்தேகம் தட்டுவதில்லை. "பழகிடும், ராத்திரி போகட்டும்" என்று விடுகிற அந்த மணி நேரங்களில்தான் சின்னக் காயம் பெரியதாகிறது. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகிறது: எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது, அப்போது யார் என்ன செய்ய வேண்டும்.

கதீட்டர் உள்ளே எப்படி நிற்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் பாதையைச் சிறுநீர்ப் புறவழி என்பார்கள். பெண்களுக்கு அது சுமார் 4 செ.மீ. நீளம், நேரானது. ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். நடுவில் வளைவு உண்டு, புரோஸ்டேட் சுரப்பியின் ஊடாகவும் போகும். அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் போடுவது ஃபோலி கதீட்டர். 1930களில் அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி கொண்டுவந்த வடிவம். நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்னப் பலூன் இருக்கும். குழாய் சிறுநீர்ப்பைக்குள் போன பிறகு அந்தப் பலூனில் சுத்திகரித்த தண்ணீரை, பெரியவர்களுக்கு வழக்கமாக 10 மி.லி. அளவுக்கு, ஏற்றுவார்கள். குழாய் வழுக்கி வெளியே வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். குழாயின் தடிமனை 'ஃபிரெஞ்ச்' அளவில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். 16 எண் குழாய் என்றால் 5 மி.மீ.க்குச் சற்று அதிகம். பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் வாயில் இந்த எண்ணும் பலூனின் கொள்ளளவும் அச்சாகியிருக்கும். அதை ஒரு முறை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்கும் விவரம் அது.

பலூனில் தண்ணீர் ஏற்றும்போது அப்பா வலியில் கத்திவிட்டார். அது சாதாரணம்தானா?

இல்லை. குழாய் உள்ளே போகும்போது எரிச்சலும் மூத்திரம் முட்டுகிற உணர்வும் இருக்கும், சரி. ஆனால் சிறுநீர்ப்பைக்குள் பலூன் விரியும்போது வலிக்கக் கூடாது. அங்கே அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. வலிக்கிறது என்றால், பலூன் சிறுநீர்ப்பையை எட்டாமல் புறவழிக்குள்ளேயே விரிகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 5 மி.மீ. குழாயை ஏற்கும் பாதைக்குள் 10 மி.லி. தண்ணீர் நிரம்பிய உருண்டை விரிந்தால் சுவர் கிழிந்துவிடும்.

சந்தேகத்தை வலுப்படுத்தும் அடையாளங்கள் உண்டு. சிரிஞ்சை அழுத்தும்போது தண்ணீர் இறங்காமல் எதிர்க்கும். குழாயோடு மாட்டிய யூரின் பைக்குள் சிறுநீர் வராது, அல்லது இரத்தம் மட்டும் வரும். ஆணுக்குக் குழாயின் பெரும் பகுதி வெளியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இந்தக் கடைசி அடையாளத்தை வீட்டாரும் கண்ணாலேயே பார்க்கலாம்.

செய்ய வேண்டியது: உடனே தண்ணீரை முழுவதும் திரும்ப எடுத்துப் பலூனைச் சுருக்க வேண்டும். அதே குழாயை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. இரத்தம் வந்திருந்தால் சிறுநீரக அறுவை மருத்துவர், அதாவது யூராலஜிஸ்ட், பார்க்க வேண்டும். காயம் பட்ட பாதை ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். மாதங்கள் கழித்துச் சிறுநீர் நூல் மாதிரி வரும் நிலைக்கு அது கொண்டுபோய்விடும்.

இதைத் தடுக்கும் விதி எளிது. ஆண்களுக்குக் குழாயை அதன் கவை வரை, அதாவது வெளி முனையில் இரண்டாகப் பிரியும் இடம் வரை, முழுவதும் உள்ளே செலுத்த வேண்டும். சிறுநீர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பலூனை விரிக்க வேண்டும். குழாய் வழுக்கிப் போகப் பயன்படுத்தும் ஜெல் துளையை அடைத்திருந்தால் சிறுநீர் வர ஓரிரு நிமிடம் ஆகலாம். அடிவயிற்றை லேசாக அழுத்திப் பார்க்கலாம், சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்கலாம். அப்போதும் வராவிட்டால் பலூனைத் தொடவே கூடாது. கதீட்டர் போடக் கற்றுக்கொள்கிற ஒவ்வொரு மாணவருக்கும் இந்த ஒரு விதி கையில் ஏறிவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதி தேவைப்படாது என்பது என் கருத்து.

இரண்டு மூன்று முறை முயன்றார்கள். இரத்தம்தான் வந்தது, சிறுநீர் வரவில்லை. என்ன ஆகியிருக்கும்?

குழாயின் நுனி உண்மையான பாதையை விட்டு விலகிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கலாம். 'பொய்ப் பாதை' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். புரோஸ்டேட் வீங்கியவர்கள், முன்பே புறவழியில் சுருக்கம் உள்ளவர்கள், புரோஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது நேர வாய்ப்பு அதிகம்.

ஒரு முறை பொய்ப் பாதை உண்டாகிவிட்டால் அடுத்தடுத்து நுழைக்கும் குழாயும் அதே ஓட்டைக்குத்தான் போகும். அதனால் ஒவ்வொரு மறுமுயற்சியும் காயத்தை ஆழமாக்கும். தடை வந்ததும் மெல்லிய குழாயாகப் பார்த்து எடுப்பது பலருடைய பழக்கம். மெல்லியது வளைந்து மடங்கும், கூர்மையாகக் குத்தவும் செய்யும். புரோஸ்டேட் வீக்கம்தான் தடை என்றால் நுனி மேல்நோக்கி வளைந்த கூடே கதீட்டர்தான் பொருத்தம். தொப்புளைப் பார்த்தபடி அந்த நுனியைப் பிடித்துச் செலுத்துவார்கள்.

அதுவும் போகவில்லை என்றால் முயற்சியை நிறுத்திவிட்டு யூராலஜிஸ்டைக் கூப்பிட வேண்டும். அவர் சிஸ்டோஸ்கோப் என்ற கேமரா குழாய் மூலம் உண்மையான பாதையைப் பார்த்து, அதில் ஒரு கம்பியை விட்டு, கம்பியின் மேலே கதீட்டரை ஏற்றுவார். சில சமயம் அடிவயிற்றில் சின்னத் துளை போட்டு நேராகச் சிறுநீர்ப்பைக்குள் குழாய் வைப்பார்கள். வீட்டாருக்கு இது பயமாகத் தெரியும். கிழிந்த பாதை ஓய்வெடுத்து ஆறுவதற்கு அது நல்ல வழி.

நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் ஒன்று கேட்கலாம்: "டாக்டர், இரண்டு தடவை போகலியே, யூராலஜி டாக்டர் பார்க்கட்டுமா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விபத்தில் இடுப்பு எலும்பு உடைந்தவருக்குக் கதீட்டர் போடலாமா?

ஆணுறுப்பின் நுனியில் இரத்தம் தெரிந்தால் உடனே குழாயை நுழைக்கக் கூடாது. இடுப்பெலும்பு முறியும்போது புறவழியும் அறுந்திருக்கலாம். பாதி அறுந்ததைக் குழாய் முழுதாக அறுத்துவிடும். முதலில் புறவழிக்குள் சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். விதைப்பையிலும் அதன் கீழேயும் நீலம் பாய்ந்திருப்பது, முட்டியும் சிறுநீர் கழிக்க முடியாமல் இருப்பது ஆகியவையும் எச்சரிக்கைகள். அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்கள் உள்ளாடையில் இரத்தக் கறை பார்த்திருந்தால் அவசரச் சிகிச்சை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்குப் போட்டு அரை மணி ஆயிற்று. ஒரு சொட்டுகூட இல்லை. ஏன்?

பெண்களுக்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: குழாய் பிறப்புறுப்பின் வழிக்குள் போயிருக்கும். வயதான பெண்களுக்குச் சிறுநீர்த் துளை உள்ளிழுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் இப்படி ஆகும். தவறாகப் போன குழாயை எடுக்காமல் அடையாளத்துக்கு அப்படியே விட்டு, அதற்கு மேலே இருக்கும் சரியான துளையில் புதுக் குழாயைப் போடுவார்கள். எடுத்த குழாயையே திரும்ப நுழைத்தால் கிருமியையும் கூடவே உள்ளே அனுப்புவதாகும்.

அபூர்வமாக வேறொன்றும் நடக்கும். குழாய் சிறுநீர்ப்பையைத் தாண்டி, சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர் நாளத்துக்குள் நுழைந்துவிடும். பெண்களுக்குப் புறவழி குட்டை என்பதாலும், நீண்ட நாள் கதீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் சிறுநீர்ப்பை சுருங்கியிருப்பதாலும் இதற்கு வாய்ப்பு ஏற்படுகிறது. அங்கே பலூன் விரிந்தால் நாளம் கிழியலாம். புதுக் குழாய் மாற்றிய பிறகு ஒரு பக்க விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், வழக்கத்தைவிடக் குறைவான சிறுநீர், அதே நேரம் குழாயைச் சுற்றி ஒழுகல் என்று வந்தால் இதை நினைக்க வேண்டும். அல்ட்ராசவுண்டிலோ சி.டி. ஸ்கேனிலோ பலூன் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பலூனைச் சுருக்கிக் குழாயை எடுப்பதே முதல் சிகிச்சை. நாளம் கிழிந்திருந்தால் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைக்க வேண்டிவரும்.

கதீட்டர் போட்ட மறுநாள் ஆணுறுப்பின் முனை வீங்கிச் சிவந்திருக்கிறது. தொற்றா?

முன்தோலைப் பாருங்கள். சுத்தம் செய்வதற்காகப் பின்னால் தள்ளிய தோலைத் திரும்ப முன்னே இழுத்துவிட மறந்திருப்பார்கள். அந்தத் தோல் வளையம்போல் இறுகி, மொட்டுப் பகுதியிலிருந்து இரத்தம் திரும்ப முடியாமல் வீங்கும். நேரம் போகப்போக வீக்கம் கூடும்; கூடக்கூடத் தோலைத் திருப்ப முடியாது. விட்டால் முனையே கறுத்துப் போகும்.

இது அவசரம். டாக்டர் வீங்கிய பகுதியைக் கையால் பல நிமிடம் அழுத்திப் பிடித்து நீரை வடித்த பிறகு தோலை முன்னே கொண்டுவருவார். முடியாவிட்டால் வளையத்தில் சின்னக் கீறல் போட்டு விடுவிப்பார்கள். நினைவிழந்தவர்களும் பேச முடியாத முதியவர்களும் வலியைச் சொல்ல மாட்டார்கள். அதனால் அவர்களைக் குளிப்பாட்டித் துடைக்கிறவர் ஒவ்வொரு முறையும் தோலை முன்னே விட்டுவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.

அடைப்பு நீங்கிய பிறகு பை பையாக யூரின் போகிறது. நல்லதுதானே?

முதல் சில மணி நேரம் நல்லது. பல நாள் அடைத்திருந்து சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அடைப்பு திறந்ததும் சிறுநீரகங்கள் தண்ணீரையும் உப்பையும் கட்டுப்பாடின்றி வெளியேற்றலாம். மணிக்கு 200 மி.லி.க்கு மேல் தொடர்ந்து இரண்டு மணி நேரமோ, 24 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேலோ போனால் கவனிக்க வேண்டிய நிலை. இரத்த அழுத்தம் இறங்கும், சோடியமும் பொட்டாசியமும் மாறும். முதியவர் தடுமாறிப் பேசுவார், எழுந்தால் தலை சுற்றும்.

ஆகவே அப்படிப்பட்டவரைக் குழாய் போட்ட கையோடு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு மணிக்கும் அளவு குறிக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், போகிற நீரில் ஒரு பங்கைக் குடிக்கவோ டிரிப்பாகவோ கொடுக்க வேண்டும். போவதை எல்லாம் அப்படியே ஈடுகட்டினால் போக்கு நிற்காமல் நீளும் என்பதால் அந்தக் கணக்கு டாக்டருடையது.

சிறுநீர் கொஞ்சம் சிவப்பாக வருவதும் உண்டு. விரிந்து கிடந்த சிறுநீர்ப்பை சட்டென்று சுருங்கும்போது மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். இதற்குப் பயந்து குழாயை அடிக்கடி மூடி மூடித் திறக்கிற பழக்கம் பல வார்டுகளில் இருந்தது. மெதுவாக வடிப்பதையும் ஒரேயடியாக வடிப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், மெதுவாக வடித்தவர்களுக்கு இரத்தக் கசிவோ அழுத்தம் இறங்குவதோ குறையவில்லை. கட்டிகளாக இரத்தம் வந்தால் அது வேறு விஷயம். அப்போது குழாய் அடைத்துக்கொள்ளும். சிறுநீர்ப்பையைக் கழுவ வேண்டும்.

தண்டுவடத்தில் அடிபட்ட என் தம்பிக்குக் கதீட்டர் அடைத்தால் தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு, உயிருக்கே ஆபத்தான சம்பந்தம். மார்பு முதுகெலும்பில் 6ஆவது எலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி விரிந்தால், உடலின் கீழ்ப் பகுதியில் இரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் தாறுமாறாக ஏறும். மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு அடிபட்ட இடத்தைத் தாண்டி இறங்காததால் அது தணியாது. அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பது இதன் பெயர். தலைவலி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேல் வியர்த்துக் கொட்டுவது, மூக்கடைப்பு, பதற்றம் எல்லாம் சேர்ந்து வரும். வலிப்பும் மூளையில் இரத்தக் கசிவும் ஏற்படலாம்.

படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடை, பெல்ட், காலில் கட்டிய யூரின் பையின் வார் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, பை நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். மடிப்பை எடுத்ததும் சிறுநீர் பாய்ந்து வலி தணிந்தால் தப்பித்தார். தணியாவிட்டால் குழாயை உடனே மாற்ற வேண்டும். அதற்குப் பழகியவர் வீட்டில் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ். மலச்சிக்கலும் இதே நிலையைத் தூண்டும் என்பதால் குழாய் சரியாக இருந்தும் தலைவலி தொடர்ந்தால் அடுத்து அதைப் பார்ப்பார்கள்.

ஒரு கணக்கு முக்கியம். இவர்களுக்கு வழக்கமான மேல் இரத்த அழுத்தமே 90 முதல் 110க்குள் இருக்கும். 140 என்று காட்டினால் தெரியாதவர் "நார்மல்தான்" என்று சொல்லிவிடுவார். தம்பியின் வழக்கமான அழுத்தம் என்ன என்று எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே இவர்களுக்கு அது ஆபத்துதான்.

கதீட்டருக்கு அலர்ஜி வருமா?

வரும். பழுப்பு மஞ்சளில் இருக்கும் விலை குறைந்த குழாய்கள் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ். பிறவியிலேயே முதுகெலும்பு மூடாமல் பிறந்த குழந்தைகள் சிறு வயதிலிருந்து கதீட்டரும் ஆபரேஷனுமாக வளர்வதால் லேடெக்ஸ் அலர்ஜி அவர்களிடம் அதிகம். அவர்களுக்கு முழு சிலிக்கோன் குழாயைத்தான் கேட்க வேண்டும். போடுகிறவரின் கையுறையும் லேடெக்ஸ் இல்லாததாக இருக்க வேண்டும்.

பலருக்குத் தோன்றாத இன்னொரு காரணம், சுத்தம் செய்யும் திரவத்திலும் சில மரத்துப்போகும் ஜெல்களிலும் இருக்கும் குளோர்ஹெக்சிடின். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இந்த மருந்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வருவதைப் பற்றி எச்சரித்தது. குழாய் போட்ட சில நிமிடங்களில் உடம்பு அரித்துத் தடித்து, மூச்சு இளைத்து, மயக்கம் வந்தால், வலியால் வந்த மயக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டிய நிலை அது. முன்பு எப்போதாவது இப்படி வந்திருந்தால், எந்த ஜெல், எந்தத் திரவம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எடுக்கிற நாள் வந்துவிட்டது. பலூன் சுருங்க மாட்டேன் என்கிறது.

குழாயை இழுக்காதீர்கள். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது.

தண்ணீர் வரும் நுண்ணிய வழி அடைத்திருக்கலாம், வால்வு பழுதாகியிருக்கலாம், அல்லது யாரோ கிளிப் போட்டுக் குழாய் நசுங்கியிருக்கலாம். பலூனில் தண்ணீருக்குப் பதில் உப்பு நீரை ஏற்றினால் படிகம் கட்டி வழி அடைவதும் ஒரு காரணம். முதல் படி பொறுமை: சிரிஞ்சை மாட்டி வேகமாக உறிஞ்சினால் அந்த மெல்லிய வழி ஒட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டுச் சும்மா விட்டால் தண்ணீர் தானாகத் திரும்பும். வேறு சிரிஞ்ச் மாற்றிப் பார்க்கலாம். ஒன்றிரண்டு மி.லி. தண்ணீர் கூடுதலாக ஏற்றி அடைப்பைத் தள்ளிப் பார்ப்பதும் உண்டு.

அதற்கு மேல் வீட்டில் செய்யக் கூடாது. ஆஸ்பத்திரியில் வால்வை வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டிய குழாய் உள்ளே நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் இதை வீட்டில் கத்தரிக்கோலோடு முயலக் கூடாது என்று சொல்கிறேன். பிறகு அந்த வழியாக மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பார்கள். கடைசியாக, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி அடிவயிறு வழியாக ஊசியால் பலூனைக் குத்துவார்கள். தண்ணீரை ஏற்றிக்கொண்டே போய் வெடிக்க வைப்பதும், ஈதர் போன்ற ரசாயனத்தைச் செலுத்தி ரப்பரைக் கரைப்பதும் பழைய முறைகள். துண்டுகள் உள்ளே தங்கிக் கல்லாகும். ரசாயனம் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். யாராவது அந்த யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பலூன் சுருங்கியும் குழாய் நகராமல் இருந்தால், நுனியில் சுண்ணாம்புபோல் படிவு கட்டியிருக்கலாம். புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீரைக் காரமாக்குவதால் வரும் படிவு அது. எக்ஸ்ரேயில் தெரியும். இழுத்தால் பாதை நெடுகக் கீறும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

குழந்தைக்குப் போட்ட மெல்லிய குழாய் வெளியே வரவில்லை. முடிச்சு விழுந்திருக்கும் என்கிறார்கள். அப்படியும் நடக்குமா?

நடக்கும். பச்சிளம் குழந்தைகளுக்குச் சில சமயம் பால் புகட்டும் மெல்லிய டியூபையே கதீட்டராகப் பயன்படுத்துகிறார்கள். தேவைக்கு மேல் நீளம் உள்ளே போனால் அது சிறுநீர்ப்பையில் சுருண்டு, இழுக்கும்போது முடிச்சாக இறுகிவிடும். எக்ஸ்ரேயில் முடிச்சு தெரியும். மயக்க மருந்து கொடுத்து மெதுவாக எடுப்பார்கள், இல்லாவிட்டால் ஸ்கோப் அல்லது சிறிய ஆபரேஷன். சிறுநீர் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், மேலும் தள்ளக் கூடாது என்பதுதான் தடுப்பு.

நாள்பட்ட கதீட்டர் உள்ள பாட்டிக்கு திடீரென வயிறு உப்பி வலிக்கிறது. பையில் யூரின் குறைவு. குழாய் அடைப்புதானே?

பெரும்பாலும் அடைப்புதான். ஆனால் குழாயைக் கழுவும்போது உள்ளே விட்ட தண்ணீர் திரும்ப வரவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது என்றால் சிறுநீர்ப்பையில் துளை விழுந்திருக்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் பல வருடமாகக் குழாயோடு இருப்பவர்களுக்கும் சுவர் மெலிந்திருக்கும். சிறுநீர் வயிற்றறைக்குள் கசிந்து திரும்ப இரத்தத்தில் சேர்வதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற அளவு ஏறும். சிறுநீரகம் செயலிழந்துவிட்டதாக நினைத்து வேறு திசையில் போய்விடுவார்கள். சிறுநீர்ப்பைக்குள் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் உண்மையைக் காட்டும். வயிற்றறைக்குள் திறந்திருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்.

யூரின் பை ஊதா நிறமாகிவிட்டது!

பார்க்கிறவர்களைப் பதறவைக்கும் காட்சி. ஆபத்து குறைவு. மலச்சிக்கல் இருக்கும்போது குடலில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் கிருமிகள் உடைக்கின்றன. அதிலிருந்து உண்டாகும் பொருள் சிறுநீரில் வந்து, பையில் இருக்கும் கிருமிகளால் நீலச் சாயமாகவும் சிவப்புச் சாயமாகவும் மாறுகிறது. அந்த நீலம் வேறொன்றும் இல்லை, துணிக்குப் போடும் அவுரி நீலம்தான். இரண்டும் கலந்து ஊதா. 1978இல் மருத்துவ உலகில் முதலில் பதிவானது. படுத்த படுக்கையாக உள்ள வயதான பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். குழாயையும் பையையும் மாற்றி, மலச்சிக்கலைச் சரிசெய்தால் போய்விடும். காய்ச்சலோ குழப்பமோ சேர்ந்திருந்தால் மட்டும் தொற்றுக்கு மருந்து தேவைப்படும்.

தாத்தா ராத்திரி குழாயைப் பலூனோடு பிடுங்கிவிட்டார்.

இரத்தம் வரும். புதுக் குழாயைத் தாமாகவே போட முயல வேண்டாம்; கிழிந்த பாதையில் போடுவதை யூராலஜிஸ்ட் பார்த்துச் செய்யட்டும். வெளியே வந்த பலூன் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் குழாயைக் கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். துண்டு குறைந்தால் அது உள்ளே இருக்கிறது.

ஆணுறுப்பின் நுனி கீழ்ப்பக்கமாகப் பிளந்ததுபோல் இருக்கிறது. எப்படி ஆனது?

மாதக்கணக்கில் குழாய் ஒரே பக்கம் தொங்கி இழுத்தால் தோல் அறுத்துக்கொண்டே போகும். வலி உணர்வு இல்லாதவர்களுக்கு இது சத்தமின்றி நடக்கும். குழாயைத் தொடையிலோ அடிவயிற்றிலோ இழுவை இல்லாமல் ஒட்டி, தினமும் பக்கம் மாற்ற வேண்டும். பையைக் காலிசெய்யாமல் கனக்க விடக் கூடாது. பிளவு தொடங்கிவிட்டால் அடிவயிறு வழிக் குழாய்க்கு மாறுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. சர்க்கரை நோயாளிக்கு விதைப்பையோ அதன் பின்புறமோ வீங்கி, தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலியும் நாற்றமும் கறுப்புத் திட்டும் வந்தால் அது ஃபோர்னியர் திசு அழுகல். மணிக்கணக்கில் பரவும். அன்றே ஆபரேஷன் செய்து அழுகியதை அகற்றியாக வேண்டும்.

செயற்கை ஸ்பிங்க்டர் வைத்தவருக்குக் கதீட்டர் போடும்போது ஏதாவது சொல்ல வேண்டுமா?

கட்டாயம். சிறுநீர் கசிவுக்காகப் புறவழியைச் சுற்றி வைத்த அந்தப் பட்டையைத் திறந்து செயலிழக்கச் செய்த பிறகே மெல்லிய குழாய் போட வேண்டும். இல்லையெனில் பட்டை சுவரை அரித்து உள்ளே வந்துவிடும்.

எந்த நேரத்திலும் காத்திருக்காமல் கிளம்ப வேண்டிய நிலைகள் எவை?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், குறிப்பாகக் குழாய் மாற்றிய அன்றே வந்தால். வயிறு முட்டியிருக்க, நான்கு மணி நேரமாகப் பை காலியாக இருந்தால். கட்டியாக இரத்தம். முனை வீங்கி நிறம் மாறுவது. தண்டுவடப் பாதிப்பு உள்ளவருக்குத் தலைவலி. மூச்சு இளைப்பு. ஆம்புலன்ஸை அழைக்கும் எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. போகும்போது குழாய் போட்ட தேதி, அதன் எண், பலூனில் ஏற்றிய அளவு, எத்தனை முயற்சியில் போனது, இரத்தம் வந்ததா என்ற விவரங்கள் கையில் இருந்தால் அவசரப் பிரிவில் அரை மணி நேரம் மிச்சம். இவற்றை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பல ஆஸ்பத்திரிகளில் "கதீட்டர் போடப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

எல்லாம் சரியாகி எடுத்தாயிற்று. இனிமேல் பார்க்க ஒன்றும் இல்லையே?

எடுத்த அன்று ஆறு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போக வேண்டும். போகாமல் அடிவயிறு கனத்தால் திரும்பிப் போங்கள். போடும்போது இரத்தம் வந்தவர்கள், பலூன் தவறான இடத்தில் விரிந்தவர்கள் ஆகியோர் அடுத்த பல மாதங்களுக்குச் சிறுநீரின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். தாரை மெலிந்து வந்தாலும், இரண்டாகப் பிரிந்தாலும், முக்கிப் போக வேண்டியிருந்தாலும், போய் முடித்த பிறகு சொட்டிக்கொண்டே இருந்தாலும் புறவழி சுருங்கத் தொடங்கியிருக்கலாம். யூரோஃப்ளோ என்ற சோதனையில் ஒரு கருவிக்குள் சிறுநீர் கழித்தால் போதும், வேகத்தை வரைபடமாகக் காட்டிவிடும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சுருக்கம் குட்டையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஸ்கோப் வழியாகவே சரிசெய்யப் பார்க்கலாம். நீளமாகிவிட்டால் கன்னத்தின் உட்தோலை எடுத்துப் பாதையை விரித்துத் தைக்கும் பெரிய ஆபரேஷன் வரை போகும். அடுத்த முறை எங்கே, எந்த நோய்க்காகப் போனாலும், கதீட்டர் போட வருகிறவரிடம் "போன தடவை கஷ்டப்பட்டுத்தான் போச்சு, இரத்தம் வந்துச்சு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.